72 கெஜம் துணி



உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம் மானத்தோடு வாழ மாதம் எவ்வளவு வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஒருமுறை ஒழுங்காக விடை எழுதப்பட்டிருக்கிறது. 1957 ஜூலையில் டெல்லியில் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து, குறைந்தபட்சக் கூலியைக் குடும்பத்தின் தேவையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் மரியாதை கூடுகிறது. பொருளாதாரத்தின் பெரிய சொற்கள் எதுவும் அதில் இல்லை. சோறு, துணி, வாடகை, அடுப்பு, விளக்கு, அவ்வளவுதான்.

சம்பாதிப்பவர் ஒருவர். அவருக்கு ஒரு பங்கு, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6, ஆக மூன்று பங்கு. ஒரு பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. ஆளுக்கு வருஷத்துக்கு 18 கெஜம் வீதம் நாலு பேருக்கு 72 கெஜம் துணி. அரசாங்கத்தின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் மிகச் சிறிய வீட்டுக்கு என்ன வாடகையோ அது. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். மனைவியும் பிள்ளைகளும் கொண்டுவரும் காசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் தெளிவாக எழுதிவைத்தார்கள்.

உணவு அளவுக்கு ஆதாரமாக அந்த மாநாடு எடுத்துக்கொண்டது டாக்டர் வாலஸ் அய்க்ராய்டு சொன்ன கணக்கை. நம் குன்னூரில் அப்போது இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு 1935 முதல் சுமார் பத்தாண்டு இயக்குநராக இருந்தவர் அவர். அரிசியும் பருப்பும் கீரையும் ஓர் உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்ற ஆராய்ச்சி நீலகிரியில் நடந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்த மூன்று பங்கில் வயதான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடமில்லை. நம் வீடுகளில் அவர்களுக்கு மருந்து வாங்காத மாதம் உண்டா?

இந்தக் கணக்கின் அடுத்த அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. இங்கே ஆலை வைத்திருந்த ரெப்டாகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனம், தன் தொழிலாளர்களுக்குக் கிடைத்துவந்த பஞ்சப்படி சுற்றுவட்டாரத்து மற்ற கம்பெனிகளைவிட அதிகமாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று கேட்டது. விலைவாசி ஏறினால் கூடவே ஏறும் பஞ்சப்படி அது. வழக்கு தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991இல் தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்தது. அதோடு நிற்காமல் நீதிபதிகள் 1957ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு வரியையும் சேர்த்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, விசேஷம், முதுமைக்கான சேமிப்பு, கல்யாணச் செலவு ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றார்கள்.

பண்டிகையை நாட்டின் உச்ச நீதிமன்றம் கூலிக் கணக்கில் சேர்த்தது என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுப்பதும், அக்கா மகள் சடங்குக்குச் சீர் கொண்டுபோவதும் மனித வாழ்க்கையின் பகுதி, கூலி என்றால் அதற்கும் சேர்த்துத்தான் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமையே இல்லை என்பதையும் அதே நீதிமன்றம் 1950களிலேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

இவ்வளவு இருந்தும் அந்தக் கணக்கு நாடு முழுவதற்குமான கூலியாக மாறவே இல்லை. அது ஏன் என்று எழுதத்தான் இந்தப் பக்கம்.

2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில், மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு ஒன்று தன் அறிக்கையைக் கொடுத்தது. அனூப் சத்பதி தலைமையிலான குழு. மூன்று பங்கு போதாது, 3.6 பங்கு வேண்டும் என்று கணக்கிட்டு, நாட்டில் எந்த மூலையிலும் ஒருவருக்கு நாள் கூலி 375 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. நகரத்தில் இருப்பவர்களுக்கு வாடகைக்கென்று தனியே ஒரு தொகையும் சொன்னது. சில மாதம் கழித்து, ஜூலையில், அரசு தேசியத் தளக் கூலியை, அதாவது நாடு முழுவதற்குமான கீழ் வரம்பை, அறிவித்தது: நாளொன்றுக்கு 178 ரூபாய். அதற்கு முன்னால் இருந்தது 176. ஏறியது இரண்டு ரூபாய்.

தமிழ்நாட்டில் மாநில அரசு தொழில்வாரியாக நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி இதைவிட அதிகம்தான். ஆனால் தேசியத் தளம் எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றித்தான் மற்ற மாநிலங்களின் பேரம் நடக்கிறது. எந்த மாநிலத்தில் கூலி குறைவோ அந்த மாநிலத்தைக் காட்டி இங்கேயும் பேரம் பேசுவார்கள்.

அதே 2019, செப்டம்பர் 20. ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்காகக் கோவா போயிருந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அங்கே செய்தியாளர்களைக் கூட்டி நிறுவன வரியைக் குறைப்பதாக அறிவித்தார். மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆனது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். இதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே கணக்குச் சொன்னது. அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் எகிறியது. பட்ஜெட் நாள் வரைகூடக் காத்திருக்கவில்லை. அவசரச் சட்டம் மூலமே மாற்றம் வந்தது.

இரண்டு முடிவுகளும் ஒரே அரசு, ஒரே ஆண்டில், சில வார இடைவெளியில் எடுத்தவை. நிறுவனத்துக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு ஒரு காலைப்பொழுதில் விடை கிடைத்தது. குடும்பத்துக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு 1957இலிருந்து விடை கையில் இருக்கிறது, அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கும் இடையே பள்ளம் பெரிதாகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், ஏதோ மழை பெய்து மண் அரித்ததைப் போல. ஒவ்வொரு முழமும் யாரோ கையெழுத்துப் போட்டுத் தோண்டியது என்பதே என் துணிபு.

கையெழுத்துகளின் பலன் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அரசுக்கு ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பைசா பைசாவாகப் பிரித்து ஒரு வட்டப்படம் போடுவார்கள். 2019 ஜூலை பட்ஜெட்டில் அந்த ஒரு ரூபாயில் நிறுவன வரி 21 பைசா, தனிநபர் வருமான வரி 16 பைசா. 2025-26 பட்ஜெட்டில் நிறுவன வரி 17 பைசா, தனிநபர் வருமான வரி 22 பைசா. ஆறே ஆண்டில் இரண்டும் இடம் மாறிவிட்டன. அந்த 22 பைசாவில் பெரும் பணக்காரர்கள் கட்டுவதும் அடக்கம்தான். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2025இல் கிடைத்த வரி நிவாரணத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானமே கிடையாது. அவர்கள் வரி கட்டுவது மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும்.

அரிசியைச் சொல்கிறேன். 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்துக்கு வரியில்லை என்பதால் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து இறங்கியது. மொத்தமாகப் பணம் கொடுத்து 26 கிலோ எடுக்க முடிந்தவருக்கு வரி இல்லை. வாரக் கூலியில் ஐந்து கிலோ பை வாங்குகிறவருக்கு வரி உண்டு. சட்டம் போட்டவர்கள் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆனாலும் அதன் பாரம் போய் உட்கார்ந்த இடம் அதுதான்.

வரியைக் குறைத்தால் நிறுவனங்கள் முதலீடு செய்யும், வேலை பெருகும், சம்பளம் உயரும் என்பதுதான் 2019இல் சொல்லப்பட்ட நியாயம். லாபம் உயர்ந்தது உண்மை. 2025 ஜனவரி இறுதியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: 2023-24இல் நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம் மட்டுமே. பெரிய 500 நிறுவனங்களின் லாபத்தை நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் அது 4.8 சதவீதம். பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உயரம். அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தில், மாதச் சம்பளக்காரர்களின் சராசரி வருமானம் இருக்கிறது, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் போட்டது. ஆண்களுக்கு 2017-18இல் 12,665 ரூபாய், 2023-24இல் 11,858. பெண்களுக்கு 10,116இலிருந்து 8,855.

இந்த எண்களைத் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆறு ஆண்டு வேலை பார்த்து, அனுபவம் கூடி, ஒரு பெண் வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளத்தின் வாங்கும் சக்தி எட்டில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது. அவள் வேலை செய்த நிறுவனங்கள் அதே காலத்தில் பதினைந்து ஆண்டு காணாத லாபத்தைப் பார்த்திருக்கின்றன. அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரனே 2024 டிசம்பரில் தொழிலதிபர்களின் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னார். தொழிலாளிக்குப் போதிய சம்பளம் கொடுக்காவிட்டால், கடைசியில் உங்கள் பொருளை வாங்க ஆளிருக்காது என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

ஆலைகளுக்கு உள்ளே பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்பது புரியும். பதிவு பெற்ற தொழிற்சாலைகள் உண்டாக்கும் நிகர மதிப்பில், 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் தொழிலாளர் கூலியாகப் போனது. 2000களின் பிற்பகுதியில் அது 10 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பிறகு சற்று ஏறினாலும் பழைய இடத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. 2023-24ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில், தொழிலாளர்களில் 42 சதவீதம் பேர் காண்ட்ராக்டில் இருப்பவர்கள். ஒரே லைனில், ஒரே ஷிப்டில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவர் கம்பெனி ஆள், மற்றவர் காண்ட்ராக்ட் ஆள். சம்பளம் வேறு, போனஸ் வேறு, சில இடங்களில் கேன்டீன் சாப்பாடுகூட வேறு. காண்ட்ராக்ட் ஆளுக்குச் சம்பள உயர்வு கேட்கப் போனால், யாரிடம் கேட்பது என்பதே முதல் சிக்கல். கம்பெனி காண்ட்ராக்டரைக் காட்டும், காண்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டுவார்.

தமிழ்நாட்டில் இதைப் பேசினால் பேச்சு ஸ்ரீபெரும்புதூருக்குத்தான் போய் நிற்கும். நாட்டிலேயே தொழிற்சாலைகள் அதிகமுள்ள மாநிலம் நாம். ஆலைகளில் வேலை பார்க்கும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. தென் மாவட்டத்திலிருந்தும் வடாற்காட்டுக் கிராமங்களிலிருந்தும் வந்த பெண்கள் சொந்தக் கையில் சம்பளம் வாங்குகிறார்கள், தம்பியைப் படிக்க வைக்கிறார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போடும் துணிச்சல் பெறுகிறார்கள். கம்பெனிகள் வந்ததால் கிடைத்த நன்மை இது. கம்பெனியே வேண்டாம் என்று பேசுகிறவன் நான் இல்லை.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் நெடுஞ்சாலையில் நடந்தவற்றை மறக்கவும் முடியாது. 2006இல் நோக்கியா வந்தது. கம்பெனி பஸ்ஸில் ஏறும் நீலச்சட்டைப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஊரில் தனி மதிப்பு. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். வரித் தகராறும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த வயதில் யாருக்கு விருப்பம் இருந்திருக்கும்? பிறகு 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றைம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தோழிகளின் நிலைமை என்ன என்று தெரியாத பதற்றத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு சாலையில் உட்கார்ந்தார்கள். விலை உயர்ந்த கைப்பேசியைக் கோக்கிறவர்களின் தங்குமிடம் எப்படி இருக்கிறது என்று அன்றுதான் நாடு கேட்டது. ஆலை சில வாரம் மூடி, விடுதிகளைச் சீர்செய்து, ஜனவரியில் திறந்தது. பெண்கள் சாலைக்கு வராதிருந்தால் அந்த விடுதிகள் அப்படியேதான் இருந்திருக்கும்.

2024 செப்டம்பர் 9. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யும் ஆலை, சுமார் 1,800 தொழிலாளர்கள், அவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் வெளியே. சம்பளக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் போராட்டத்தின் மையம் வேறு. சங்கம் வைத்துக்கொள்கிறோம், அதைப் பதிவு செய்யுங்கள், எங்களோடு பேசுங்கள். இவ்வளவுதான் கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, நாங்கள் வேலை செய்யும் இடத்தின் பெயரை எங்கள் சங்கத்துக்கு வைக்கலாமா என்பது வழக்காகிறது. பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. 37 நாள் கழித்து அக்டோபர் 15இல் வேலைநிறுத்தம் முடிந்தது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது. அந்த ஆண்டு மே மாதம் அமைச்சர் முன்னிலையில் ஊதிய ஒப்பந்தமும் ஆனது. ஆலை எங்கும் போகவில்லை. சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடும் என்று அந்த 37 நாளும் எத்தனை பேர் பயமுறுத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

சம்பளம் பற்றாத இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நகை அடகுக்குப் போகும். பிறகு குழுக் கடன், அதன் வாரத் தவணை, அதைக் கட்ட இன்னொரு குழுவில் இன்னொரு கடன். 2022-23இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அவ்வளவு கீழே போனதில்லை. தவணை கேட்டு வீட்டு வாசலில் உட்காரும் அடாவடியைத் தடுக்க 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் ஒரு மசோதாவையே நிறைவேற்ற வேண்டியிருந்தது.

கடன் கட்ட முடியாதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நகைக்கடன் கெடு தாண்டினால் செய்தித்தாளில் பக்கம் பக்கமாக ஏல அறிவிப்பு வரும். தாலிக்கொடியும் அதில் ஒரு எண். பெரிய கடனுக்கு வேறு வழி. 2014-15 முதல் 2023-24 வரையிலான பத்தாண்டில் வங்கிகள் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்கிய கடன் மன்னிக்கப்பட்ட கடன் ஆகாது, வசூல் தொடரும் என்கிறது அரசு. அது சரியே. ஆனால் திவால் சட்டத்தின் வழியே தீர்வான கடன்களில், 100 ரூபாய்க்குச் சராசரியாகக் கைக்கு வந்தது 32 ரூபாயை ஒட்டித்தான். எட்டுப் பவுன் அடகு வைத்த அம்மாவுக்கு அப்படி ஒரு பேச்சுவார்த்தை மேசை எந்த வங்கிக் கிளையிலும் கிடையாது.

இப்படி எழுதும்போதெல்லாம் சிறு தொழில் நடத்தும் வாசகர்கள் மனம் நோவது எனக்குத் தெரியும். பத்து தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர், லேத் பட்டறை வைத்திருப்பவர், இவர்களையும் நான் பெரிய நிறுவனங்களின் பக்கத்தில் நிறுத்துவதாக நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனியிடம் பில் கொடுத்துவிட்டு மூன்று மாதம், நாலு மாதம் காசுக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள். சிறு தொழிலுக்குத் தர வேண்டியதை 45 நாளுக்குள் தராவிட்டால் அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று சட்டம் வைத்த பிறகும் அந்தக் காத்திருப்பு முழுதாக ஓயவில்லை. பள்ளத்தின் இந்தக் கரையில்தான் அவர்களும் நிற்கிறார்கள்.

கிடைத்தவற்றையும் சொல்ல வேண்டும், சோர்வோடு இந்தப் பக்கத்தை மூடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வேலையாட்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பது திருத்தம். தி.நகர் ஜவுளிக்கடைகளில் காலை முதல் ராத்திரி வரை நின்றே சேலை பிரித்துக் காட்டிய பெண்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் என்று அவதிப்பட்டவர்கள் எத்தனை வருஷம் கேட்டுப் பெற்ற நாற்காலி அது! அடுத்தமுறை ஜவுளி எடுக்கப் போகும்போது அந்த நாற்காலி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் அதற்குத் தனி மரியாதை உண்டு.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்ததில் சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் தேதி முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதே மே தினத்தை, நூறு வருஷத்துக்கு முன் 1923இல், சென்னைக் கடற்கரையில் கொண்டாடி இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தியவர் சிங்காரவேலர். அதற்கும் முன்னால் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு அப்படித்தான் வந்தது.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்திருக்கின்றன. 300 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஆலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ இனி அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு அந்த வரம்பு 100 பேர். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். இவை எனக்குக் கவலை தருகின்றன. அதே சமயம் ஊதியத் தொகுப்பில் ஒரு வாசல் இருக்கிறது. மத்திய அரசு நிர்ணயிக்கும் தளக் கூலிக்கு முதன்முறையாகச் சட்ட பலம் கிடைத்திருக்கிறது, எந்த மாநிலமும் அதற்குக் கீழே போக முடியாது. 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளில், குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட அதே 2,700 கலோரியும், துணியும், வாடகையும், படிப்புக்கும் வைத்தியத்துக்குமான 25 சதவீதமும் எழுதப்பட்டிருக்கின்றன. துணி கெஜத்திலிருந்து மீட்டருக்கு மாறியிருக்கிறது, 66 மீட்டர். ஆக, கணக்குப் போடும் முறை மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது. அதை இன்றைய விலைக்குப் போட்டு, வரும் எண்ணை அப்படியே கூலியாக அறிவிக்க வேண்டும் என்பதுதான் இனி நாம் கேட்க வேண்டியது. நாடாளுமன்ற உறுப்பினரிடம், சட்டமன்ற உறுப்பினரிடம், வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டியது.

கூடவே இன்னும் இரண்டு. பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஒரு ஆயுள் முழுக்க மில்லில் நின்ற மனிதருக்கு அந்தப் பணம் மாத்திரைக்குக் காணாது. அதை உயர்த்த வேண்டும். அடுத்தது, உற்பத்தியைப் பெருக்கினால் ஊக்கத்தொகை என்று 14 துறைகளுக்கு ஏறத்தாழ 1.97 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கும் திட்டம் வைத்திருக்கிறார்கள். விற்பனை கூடியதா, முதலீடு வந்ததா என்று பார்த்துக் கொடுக்கும் பணம் அது. மக்கள் வரிப்பணத்தை வாங்கும் நிறுவனம் எத்தனை பேரை நிரந்தரமாக வைத்திருக்கிறது, என்ன சம்பளம் கொடுக்கிறது என்பதையும் பார்த்துக் கொடுப்பதில் என்ன தடை?

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டின் ஒரு மாதக் கணக்கை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர், யார் யார் சம்பாதிக்கிறார்கள், அவர்களில் நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை. பிறகு வாடகை, அரிசி, மளிகை, காய்கறி, பால், கேஸ், கரண்ட், பஸ், பள்ளிக் கட்டணம், மருந்து, வட்டி, தவணை, சீட்டு, ஊர்த் திருவிழா வரி, மொய். துணிக்கு அந்த மாதம் செலவு இல்லையென்றால் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் துண்டு விழுந்திருந்தால் எவ்வளவு, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பெயரும் ஊரும் கம்பெனி பெயரும் எங்கள் அலுவலகத்தைத் தாண்டாது. ஆண்கள் எழுதும் கணக்கைவிட வீட்டில் அடுக்களைக் கணக்கு பார்ப்பவர்களின் கடிதத்தைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாலும் போதும். வந்துசேரும் கணக்குகளை 1957ஆம் ஆண்டின் அளவோடு பக்கத்தில் வைத்து ஒரு தனி இதழாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். அந்த இதழைத் தொழிலாளர் துறைக்கும் நம் தொகுதிகளின் பிரதிநிதிகளுக்கும் நாங்களே கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்